கடைசிப் பத்தியில் இருந்த கணக்கு

2017 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. சேலம் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் போலீஸார் வழக்கம்போல ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனு கொடுக்க வருகிறவர்களின் பைக்குள் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று தேடுவது அங்கே வாராவாரம் நடக்கிற வேலை. அன்று ஒரு பாட்டில் அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரும் அவர் மனைவியும் அதைத் தலையில் ஊற்றிக்கொள்ளப் போனார்கள். பெண் காவலர் ஒருவர் பாய்ந்து தட்டிவிட்டார். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். படம் எடுத்தேன். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் டபுள் காலத்தில், அதாவது இரண்டு நெடுவரிசை அகலத்தில், வந்தது: கலெக்டர் அலுவலகத்தில் தம்பதி தீக்குளிக்க முயற்சி, பரபரப்பு.

அன்று மதியம் காவல் நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அந்த மனிதரோடு ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். கொண்டலாம்பட்டி பக்கம் நான்கு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவர். பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) வியாபாரி கொடுப்பார், சேலைக்கு இவ்வளவு என்று கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு முதல் சனிக்கிழமை பாதிக் கூலி. அடுத்த சனிக்கிழமை அதுவும் இல்லை. அப்புறம் பாவே வரவில்லை. தறி நின்றுவிட்டது. ஆனால் தறி வாங்க எடுத்த கடனுக்கு வாரத் தவணை நிற்குமா? தறியைக் கழற்றிக்கொண்டு போவோம் என்று கடன்காரர் ஆள் அனுப்பிய பிறகுதான் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் எழுதித்தான் அனுப்பினேன். ஆனால் கடைசிப் பத்தியில் எழுதினேன். அச்சில் அந்தப் பத்தி இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரே ஃபோன் செய்தார். திட்டவில்லை. "பேப்பர்ல பார்த்தேன் தம்பி. நாங்க என்ன பண்ணோம்னு போட்டிருக்கீங்க. எதுக்கு வந்தோம்னு போடவே இல்லையே" என்றார். அதே நாளில் வாசகர் ஒருவரும் பேசினார். கடன் வாங்கும்போது யோசிக்காமல் வாங்கிவிட்டு அரசாங்கத்தை மிரட்டுகிறார்கள், இவர்களை உள்ளே போட வேண்டும் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாங்கள் அச்சடித்துக் கொடுத்ததை வைத்துக்கொண்டு அவருக்கு வேறு எப்படி யோசிக்க முடியும்?

பத்திரிகை அலுவலகத்தில், செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் பக்கம் போடும்போது நடப்பது இதுதான். சாயங்காலம் கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வரும். செய்திக்கு ஒதுக்கிய இடம் குறையும். சப்-எடிட்டர் கீழேயிருந்து வெட்டுவார். முக்கியமானது மேலே, விவரம் கீழே என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சம்பவம் மேலே, காரணம் கீழே. கூலி, நூல் விலை, வட்டி, தவணை எல்லாம் எப்போதும் காரணம் என்கிற கணக்கில் கீழே போய்விடும். அதனால் வெட்டுப்படுவதும் எப்போதும் அதுதான். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்வதில்லை. செய்தி எழுதும் முறைக்குள்ளேயே அது இருக்கிறது.

அந்த மாதங்களை நினைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். சேலத்திலும் மாணவர்கள் திரண்டார்கள், நானும் ராத்திரி பகலாக அங்கேயே கிடந்தேன். பிப்ரவரி 16-ல் எங்கள் மாவட்டத்துக்காரர் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சரானார். பக்கங்கள் நிரம்பி வழிந்தன. அந்தச் செய்திகள் பெரிதாக வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை, வரவேண்டிய செய்திகள்தான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் தறிக்கூலியைப் பற்றி எங்கள் மாவட்டப் பக்கத்தில் தனிச் செய்தி ஒன்றுகூட நான் எழுதவில்லை. பணமதிப்பு நீக்கத்தைப் பற்றி நான் அனுப்பியவை பெரும்பாலும் ஏ.டி.எம். வரிசைப் படங்கள். வரிசையில் மயங்கி விழுந்தவர் செய்தி. எந்த வரிசையிலும் இல்லாமல் வீட்டில் நின்றுபோன தறியைப் படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அது டெஸ்க்கின் தவறு இல்லை, என்னுடையது.

சமூகப் பிரச்சினைகளைப் பத்திரிகைகள் எழுதுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. அதைச் சேலத்துக்காரன் சொல்லவே கூடாது. பெண் சிசுக்கொலை என்ற கொடுமை இந்த மாவட்டத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. பத்திரிகைகள் விடாமல் எழுதியதும் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில் தொடங்கப்பட்டதும் தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள் என்று நான் நினைக்கவில்லை. சாதிக் கொடுமை, குழந்தைத் திருமணம் எல்லாம் எழுதியாக வேண்டியவை. என் மனத்தாங்கல் வேறு. பெண் குழந்தை ஏன் பாரமானது என்று கேட்டால் வரதட்சணை வரும், கால் காணி நிலம் வரும், மழை பொய்த்த வருடத்தின் கடன் வரும். சமூகம் ஒரு பக்கம், பொருளாதாரம் வேறு பக்கம் என்று பிரிப்பது பத்திரிகை அலுவலகத்தின் வசதிக்குத்தான். வீட்டுக்குள் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை.

அந்த ஃபோனுக்குப் பிறகு சேலத்தில் நடந்த ஒரு பத்திரிகைப் பயிலரங்குக்குப் போனேன். அங்கே பேராசிரியர் ஒருவர் இரண்டு ஆய்வுகளைச் சொன்னார். முதலாவது 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது நடந்தது. வட கரோலினாவில் உள்ள சேப்பல் ஹில் ஊரில் மேக்ஸ்வெல் மெக்கோம்ஸ், டொனால்ட் ஷா என்ற இருவர், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத நூறு பேரிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டார்கள். ஊடகங்கள் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தனவோ, ஏறக்குறைய அதே வரிசையில்தான் மக்களின் பட்டியலும் இருந்தது. 1972-ல் அந்த ஆய்வு வெளியானது.

இரண்டாவது ஆய்வுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. ஷாந்தோ ஐயங்கார் என்ற ஆய்வாளர் 1980-களில் தொலைக்காட்சிச் செய்திகளை வைத்துச் செய்தது. வறுமையைப் பற்றிய செய்தியில் ஒரு தனி ஏழையின் கதையை மட்டும் காட்டினால், பார்க்கிறவர்கள் அந்த ஏழையையே குறை சொல்கிறார்கள். வேலையின்மை, அரசுக் கொள்கை என்று பின்னணியைச் சேர்த்துக் காட்டினால் பொறுப்பைச் சமூகத்தின் மீதும் அரசின் மீதும் வைக்கிறார்கள். எனக்கு அந்த வாசகரின் குரல் அப்படியே காதில் கேட்டது. "உள்ளே போடணும்." கடைசிப் பத்தி வெட்டுப்பட்டதால் ஒரு மனிதர் பாதிக்கப்பட்டவர் என்ற இடத்திலிருந்து குற்றவாளி என்ற இடத்துக்கு மாறிப்போயிருந்தார்.

அன்றிலிருந்து நான் செய்த முதல் மாற்றம் சின்னது. பணக் கணக்கை முதல் வாக்கியத்துக்குள் கொண்டு வந்தேன். "பத்து வாரமாகக் கூலி கிடைக்காத விசைத்தறித் தொழிலாளி..." என்று தொடங்கினால் எவ்வளவு வெட்டினாலும் அது நிற்கும். தலைப்பு வைக்கிறவர்கூட அந்தப் பத்து வாரத்தைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். நிருபர் வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்.

இன்னொன்றையும் அந்தக் காலத்தில் கவனித்தேன். மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஆத்தூர், தலைவாசல், வாழப்பாடி பக்கத்திலிருந்து மரவள்ளி விவசாயிகள் வருவார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. விலை இல்லை என்று எழுந்து பேசுவார்கள், நாங்கள் குறிப்பெடுப்போம், மறுநாள் ஒற்றைக் காலத்தில் நாலு வரி வரும். ஒரு மாதம் ஒருவர் கிழங்கை மாலையாகக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று காலம் படத்தோடு வந்தது: நூதனப் போராட்டம். அடுத்த மாதம் இன்னொருவர் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு வந்தார். அதுவும் வந்தது. இரண்டு செய்தியிலும் கிழங்கு என்ன விலை, எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பது இல்லை. மாலையைத்தான் படித்தார்கள்.

அறுபது வயது விவசாயி ஒருவர் கூட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் என்னிடம் சொன்னார்: "ஏங்க, நாங்க வேஷம் கட்டினாத்தான் நீங்க வருவீங்கன்னா, எங்க ஊர்ல எல்லாரும் கூத்துப் பழகிக்கிறோம்." அவர் கோபத்தில் சொன்னார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கிழங்கு விலை எப்படிப் போடுகிறார்கள் என்று முதன்முறையாக முழுசாகக் கேட்டேன். ஏழு வருடம் நிருபராக இருந்தும் அதுவரை எனக்கு அது தெரியாது.

கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தை, அதிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலையில் அளந்து பாயிண்ட் சொல்வார்கள். பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை. பாயிண்டையும் அந்த ரூபாயையும் பெருக்கினால் ஒரு டன் விலை. பாயிண்டுக்குப் பத்து ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்க அற்பமாக இருக்கும். 25 பாயிண்ட் கிழங்குக்கு டன்னுக்கு 250 ரூபாய் போய்விடும். ஏக்கருக்குப் பத்து டன் எடுக்கிறவருக்கு 2,500. அதுவும் பத்து மாதம் நிலத்தில் கிடந்த பயிருக்கு. இந்தக் கணக்கை அப்படியே எழுதி அனுப்பினேன், மாலை இல்லை, நாமம் இல்லை. சப்-எடிட்டர் ஃபோன் செய்து, "இதைத்தான் சார் எனக்கு இத்தனை நாளாப் புரியல" என்றார். பக்கத்தின் மேல் பாதியில் வந்தது. டெஸ்க்கில் இருப்பவர்களுக்குப் பொருளாதாரச் செய்தி மீது வெறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் புரிகிற மாதிரி நான் கொடுத்ததே இல்லை.

விவசாயச் சங்கத்துக்காரர்களுக்கு, தறிக்காரர்களுக்கு நான் சொல்வதும் இதிலிருந்து வந்ததுதான். மாலை கட்டுங்கள், தவறில்லை, படம் வேண்டும். ஆனால் கையில் ஒரு தாள் வைத்திருங்கள். ஒரே பக்கம். இன்றைய விலை, போன வருடம் இதே மாத விலை, ஏக்கருக்கு ஆன செலவு, என்ன கேட்கிறீர்கள். பேசுகிறவர் பெயரும் ஃபோன் நம்பரும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் செய்தி அடிக்கும் நிருபருக்கு அந்தத் தாள் கையில் இருந்தால் போடுவார், இல்லாவிட்டால் மாலையை மட்டும்தான் போடுவார். அரசு அலுவலகத்தில் இருக்கும் எண்ணிக்கை வேண்டுமென்றால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாள் கெடு. உங்கள் பகுதியில் போன வருடம் எத்தனை விசைத்தறி மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு எண்ணை வைத்து ஒரு முழுச் செய்தி எழுதலாம்.

கிழங்கில் இன்னொரு கதையும் உண்டு. மாவுப்பூச்சி. 2020-க்குப் பிறகு மரவள்ளித் தோட்டங்களில் குருத்து சுருண்டு செடியே குட்டையாகிப் போனது. இதே பூச்சி ஆப்பிரிக்காவில் பல வருடங்களுக்கு முன் கிழங்கை அழித்தபோது, அனாகைரஸ் லோபெசி என்ற கடுகளவு குளவியை விட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள். அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெர்ரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் நம்ம ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்தான் வெளியே விட்டார்கள். எவ்வளவு பெரிய செய்தி! நான் அதை விழாச் செய்தியாக எழுதினேன். யார் யார் வந்தார்கள், யார் பேசினார்கள். குளவி எப்போது நம் தோட்டத்துக்கு வரும், அதுவரை மருந்து அடிக்கலாமா, அடித்தால் குளவியும் செத்துப்போகுமே என்று விவசாயி கேட்கும் கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

ஏற்காட்டிலும் இதுதான் நடந்தது. 2021 டிசம்பரில், காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை புகுந்துவிட்டது என்று தகவல் வந்து பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். காட்டெருமை, பனிமூட்டம், கோடை விழா மலர்க் கண்காட்சி, மலைப்பாதையில் விபத்து. சேர்வராயன் மலையிலிருந்து எங்கள் பக்கத்துக்கு வரும் செய்திகள் இவ்வளவுதான். நான் போவதற்குள் காட்டெருமை போய்விட்டது. நாகலூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்த பெரியவர், அரை ஏக்கரில் காப்பியும் ஊடே மிளகும் வைத்திருக்கிறார். "பேப்பர்காரரா? காப்பிக்கு இப்ப என்ன ரேட்டுன்னு சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் போன வாரமே வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரியிடம் பழத்தைப் போன வருட விலைக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

அந்த வருடம் ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பிச் செடிகள் கருகின. டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அரபிகா வகைக் காப்பி விலை பத்தாண்டுகளில் இல்லாத உயரத்தில் இருந்தது. இந்தச் செய்தி எங்கள் பத்திரிகையிலேயே வணிகப் பக்கத்தில் வந்திருந்தது, ஒரு பவுண்டுக்கு இத்தனை டாலர் என்று. பவுண்டையும் டாலரையும் வைத்துக்கொண்டு நாகலூரில் என்ன செய்வது? அங்கே கிலோ பழத்தில் பேசுகிறார்கள். ஒரு கிலோ காப்பிக் கொட்டைக்குச் சுமார் ஆறு கிலோ பழம் வேண்டும். அந்த வகுத்தலை யாராவது செய்து ஒரு வரி போட்டிருந்தால், பெரியவர் ஒரு வாரம் பொறுத்திருப்பார், இல்லை வியாபாரியிடம் பேரமாவது பேசியிருப்பார். காப்பி வாரியம் தினமும் விலை வெளியிடுகிறது. அதைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தை அதற்கு முன் எந்த வருடமும் நான் செலவு செய்யவில்லை.

வெள்ளியும் அப்படித்தான். விலை ஏறினால் நகைக்கடையில் சேலை கட்டிய பெண் கவலையோடு கொலுசைப் பார்க்கும் படம் வரும். செவ்வாய்ப்பேட்டையில், பனங்காட்டில், சிவதாபுரத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குக் கொலுசு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை ஏறினால் ஆர்டர் குறையும், வாரத்தில் எத்தனை நாள் பட்டறை ஓடும் என்பது மாறும். வாங்குகிறவரிடம் மட்டும் கேட்டுவிட்டு செய்கிறவரிடம் கேட்காமல் வருவது, அதுவும் கொலுசுக்குப் பெயர்போன ஊரில், சரியில்லை.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாவட்ட நிருபர்களில் பலர் விளம்பரமும் பிடித்துக் கொடுக்க வேண்டியவர்கள். நானும் கொடுத்தேன். தீபாவளிச் சிறப்பிதழுக்கு யார் கடையில் விளம்பரம் கேட்கப் போகிறேனோ, அந்தக் கடையில் சம்பள பாக்கி என்று எழுத முடியுமா? ஆனால் யாரோ முகம் தெரியாத இருவர் அடித்துக்கொண்டதை எழுத எந்தத் தடையும் கிடையாது. சமூகச் செய்தி முன்னுக்கு வருவதற்கு இது முக்கியமான காரணம் என்று பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆனால் அதே விளம்பரப் பக்கத்தில்தான் ஊரின் நிஜமான பொருளாதாரச் செய்தியும் கிடக்கிறது. பொடி எழுத்தில் வரும் சுவாதீன அறிவிப்பு, ஏல அறிவிப்பு. 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி, கடன் கட்டாதவருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகு வங்கி சொத்தைக் கையகப்படுத்தினால், அதை இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும், ஒன்று உள்ளூர் மொழியில். அதனால்தான் அவை நம் பத்திரிகைக்கு வருகின்றன. ஒரு மாதம் அவற்றை வெட்டி நோட்டில் ஒட்டிப் பாருங்கள். எந்த ஊர், வீடா தறிக்கூடமா அரிசி ஆலையா, எவ்வளவு கடன் என்று பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் வட்டாரத்தில் எந்தத் தொழில் மூச்சுத் திணறுகிறது என்று முதல் பக்கத்தைவிட அந்த நோட்டு தெளிவாகச் சொல்லும். நான் எழுதியதில் மனநிறைவான செய்திகள் பலவும் அந்த நோட்டிலிருந்து பிறந்தவைதான்.

2022 கடைசியில் வேலையை விட்டேன். எனக்குப் பிறகு வந்த தம்பியிடம் ஒரு விஷயத்தைக் கேட்டேன். மேட்டூர் அணை நீர்மட்டம் தினமும் பெட்டிக்குள் வருகிறதே, அதை யாராவது படிக்காமல் விடுகிறார்களா? 120 அடியில் இன்று எத்தனை அடி என்று காவிரிக் கரையில் இருப்பவர் முதலில் அதைத்தான் பார்க்கிறார். தங்கம் விலையும் அப்படியே. பொருளாதாரம் என்றால் வாசகர் ஓடிவிடுவார் என்பது பொய். தன் வாழ்க்கையைத் தொடும் எண், தினமும் ஒரே இடத்தில், புரிகிற அளவில் வந்தால் அவர் தேடிப் படிப்பார். கிழங்குக்கும் அப்படி ஒரு பெட்டி போட்டால் என்ன என்றேன்.

மூன்று மாதம் அலைந்தோம். தினமும் முடியாது, சனிக்கிழமை மட்டும் போடலாம் என்றார்கள். நாலு வரி. கிழங்கு பாயிண்ட் விலை, 90 கிலோ ஜவ்வரிசி மூட்டை விலை, போன வாரம் எவ்வளவு, போன வருடம் இதே வாரம் எவ்வளவு. வெள்ளிக்கிழமை மதியம் நான்கைந்து விவசாயிகளுக்கும் இரண்டு ஆலைக்காரர்களுக்கும் ஃபோன் செய்து கேட்டு, ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தம்பிக்கு அனுப்புகிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது, பெயரும் வராது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஏற்காட்டுக் காப்பிப் பழத்துக்கு ஒரு வரி சேர்க்கிறோம், கிலோ கணக்கில்.

சில வாரம் பெரிய விபத்தோ கலவரமோ நடந்துவிட்டால் இடமில்லை என்று பெட்டியை எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு முன்பே தலைவாசல் பக்கத்திலிருந்து எனக்கு ஃபோன் வந்துவிடும். "ஏங்க, இன்னைக்கு ரேட்டு போடலியே, லாரி வந்து நிக்குது" என்பார்கள். நான் நோட்டை எடுத்து வாசித்துச் சொல்வேன். அப்புறம் அலுவலக நம்பரையும் கொடுப்பேன், டெஸ்க்குக்கும் ஒரு ஃபோன் போடுங்கள் என்று. போன முறை பதினேழு பேர் போட்டிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை பெட்டி வந்தது, முதல் முறையாகப் பக்கத்தின் மேல் பாதியில்.